வெளியே போட்ட தாழ்ப்பாள்

லஃப்தாவின் பெயரை எடுத்தாலே எல்லோரும் அவன் செத்த கதையைத்தான் ஆரம்பிக்கிறார்கள். எனக்கு அதைக் கேட்டால் பற்றிக்கொண்டு வருகிறது. அந்த மனுஷன் அதற்கு முன்னால் நாற்பத்தோரு வருஷம் உயிரோடு இருந்தானே, அது யாருக்கும் ஞாபகம் இல்லையா? திவானிய்யா ஊர்ப் பக்கத்து வாய்க்கால்களில் பதினேழு வருஷம் புல்டோசர் ஓட்டித் தூர் வாரியவன். மூன்றும் பெண் குழந்தைகள். மூத்தவள் ருகையா என்பதால் எங்களுக்கெல்லாம் அவன் அபூ ருகையா, ருகையாவின் அப்பா. ஆள் ஒல்லி, மீசை மட்டும் இரண்டு பேருக்குக் காணும். சோற்றோடு மாங்காய் ஊறுகாய் இல்லையென்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான். துப்பாக்கியைக் கையால் தொட்டதில்லை.

மோசூல் நகரத்தை டாயிஷ் தீவிரவாதிகளிடமிருந்து மீட்கப் படை கிளம்பிய சமயம், புல்டோசர் ஓட்டத் தெரிந்தவர்கள் வேண்டும் என்று மேலிடத்திலிருந்து கடிதம் போனது. அவன் வேலை பார்த்த இடத்தில் அவனை நாற்பது நாளைக்கு இரவல் கொடுத்தார்கள். கடிதத்தில் அப்படித்தான் எழுதியிருந்ததாம். வந்த அன்றைக்கே என்னிடம் அதைச் சொல்லிச் சிரித்தான்.

"பாத்திரத்தை இரவல் குடுக்குற மாதிரி குடுத்துட்டானுங்க உஸ்தா. பாத்திரமாவது திரும்பி வரும்."

உஸ்தா என்றால் நான்தான். கைத்தொழில் தெரிந்தவனை எங்கள் பக்கம் அப்படிக் கூப்பிடுவது. பெயர் ஹாதிம், ஊர் ஹில்லா. ஊரில் இரும்புக் கேட்டும் ஜன்னல் கம்பியும் வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தவன், படையில் சேர்ந்து வண்டிகளுக்கு இரும்புத் தகடு வைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் படை சாதாரணப் படை இல்லை. கறுப்பு உடை, கறுப்பு வண்டி. நாட்டில் வேறு எவனுக்கும் கிடைக்காத சாமான்கள் எல்லாம் இவர்களுக்குத்தான். இருட்டில் பார்க்கிற கண்ணாடி, இறகு மாதிரி எடையில்லாத தலைக்கவசம், ஆளுக்கு ஒரு வயர்லெஸ். ஒரு வீட்டுக்குள் புகுந்து பத்தே நிமிஷத்தில் உள்ளே இருப்பவனைத் தூக்கிக்கொண்டு வருவதற்காக எட்டு வருஷம் பழக்கிய ஆட்கள். அவர்களைக் கொண்டுபோய்ப் பட்டப்பகலில் தெருத் தெருவாக ஒரு பெரிய நகரத்தையே பிடிக்கச் சொன்னால் என்ன ஆகும்? மற்றப் படைப்பிரிவுகள் ஊர் எல்லையிலேயே உட்கார்ந்துவிட்டன. ஒரு தெரு சிக்கலானால் வயர்லெஸ்ஸில் ஒரே பாட்டு: கறுப்பு உடைக்காரங்களை அனுப்பு. இவர்களும் போனார்கள். ஜெயித்தார்கள். ஒவ்வொரு ஜெயிப்புக்கும் ஆள் குறைந்தது.

"வீட்ல இருக்கறது ஒரே ஒரு நல்ல கத்தி. அதை வச்சு வெறகு வெட்டுறாங்க உஸ்தா" என்று ரைசான் சொல்வான். அமாரா ஊர்க்காரன், சார்ஜெண்ட், நல்ல கிண்டல் பேர்வழி. லஃப்தாவுக்கு வழிகாட்டி அவன்தான்.

வழிகாட்டி எதற்கு என்றால், அந்த வண்டிக்குள் உட்கார்ந்தால் வெளியே ஒன்றும் தெரியாது. கண்ணாடியில் இரண்டு குண்டு பட்டால் போதும், முழுக்க வெள்ளையாக வெடித்துவிடும். பிறகு தகட்டில் நான் விட்ட சந்து வழியாகத்தான் பார்க்க வேண்டும், உள்ளங்கை அகலம். ரைசான் பின்னால் எங்கேயாவது சுவர் ஓரம் நின்று வயர்லெஸ்ஸில் பேசுவான். "இடது, இன்னும் இடது, பிளேடை எறக்கு, தள்ளு, போதும்." லஃப்தா அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு ஓட்டுவான்.

எட்டு வருஷம் படித்த அந்தப் படை, வாய்க்கால் வாரியவன் இல்லாமல் ஒரு அடி நகர முடியாது என்பதுதான் வேடிக்கை. டாயிஷ்காரர்கள் வெடிமருந்து நிரப்பிய காரைக் குறுக்குத் தெருவிலிருந்து விரட்டிக்கொண்டு வந்து மோதுவார்கள். அதைத் தடுக்க ஒரே வழி, ஒவ்வொரு குறுக்குத் தெருவின் வாயிலும் மண்ணும் செங்கலும் உடைந்த காரும் சேர்த்துத் தள்ளி ஆள் உயரத்துக்குக் கரை போடுவது. கரை விழுந்த பிறகுதான் ஆட்கள் நகர்வார்கள். அதனால் எல்லாருக்கும் முன்னால் போவது புல்டோசர். துப்பாக்கி இல்லாதவன் முன்னால், துப்பாக்கி வைத்திருப்பவன் எல்லாம் அவனுக்குப் பின்னால். "இங்கயும் கரைதான் போடுறேன். என்ன, தண்ணி மட்டும் வரமாட்டேங்குது" என்பான்.

இனி அந்தக் கதவு விஷயம். இதை நான் மறைக்கப் போவதில்லை.

லஃப்தாவுக்கு முன்னால் அந்த வண்டியை இரண்டு பேர் ஓட்டினார்கள். முதல் ஆள் கதவில் கைப்பிடி இருந்த ஓட்டை வழியாகக் குண்டு நுழைந்து செத்துப்போனான். அந்த ஓட்டை ஒரு விரல் கனம்கூட இல்லை. அதைப் பார்த்த அன்று எனக்கு வந்த ஆத்திரத்தில் கைப்பிடியையும் பூட்டையும் பிடுங்கி எறிந்துவிட்டு, ஓட்டையை அடைத்து, கதவு மேல் இன்னொரு தகடு வைத்துத் தைத்தேன். உள்ளே கை வைக்க இடமே இல்லாமல் போனது. சரி என்று வெளியே கனமான தாழ்ப்பாள் ஒன்று போட்டேன். காலையில் வழிகாட்டி தாழ்ப்பாளைப் போடுவான், வேலை முடிந்ததும் அவனே திறப்பான். நல்ல எண்ணத்தில்தான் செய்தேன். உலகத்தில் பாதிக் கேடு இப்படித்தான் வருகிறது.

இரண்டாவது ஆள், வழிகாட்டி தாழ்ப்பாள் போட மறந்த ஒருநாள், கதவைத் தள்ளிக்கொண்டு இறங்கி ஓடிவிட்டான். நடுத்தெருவில் வண்டி அநாதையாக நின்றது. வண்டிக்குப் பின்னால் இருந்த நாலு பேர் மாட்டிக்கொண்டார்கள். அன்றைக்குச் சாயங்காலம் எங்கள் மேஜர் முஹன்னத் என் பட்டறைக்கு வந்து தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தார்.

"நல்ல வேலை உஸ்தா. இது இப்படியே வெளியவே இருக்கட்டும்" என்றார்.

அவர் என்ன அர்த்தத்தில் சொன்னார் என்று எனக்குப் புரிந்தது. புரியாத மாதிரி தலையாட்டினேன்.

லஃப்தா முதல் தடவை வண்டியைச் சுற்றிப் பார்த்தபோது தாழ்ப்பாளில்தான் அவன் கண் நின்றது.

"உஸ்தா, எங்க ஊர்ல கோழிக்கூண்டுக்குத்தான் வெளிய தாழ்ப்பா போடுவாங்க."

"கோழியை நரி தூக்காம இருக்கத்தானே போடுறாங்க. உன்னையும் அதுக்குத்தான்."

"ஹில்லாக்காரன் வாயி! கோழியை நரியும் தூக்காது, சரிதான். வீட்டுக்காரன் அறுத்துடுவான்ல?"

ரைசான் விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன். அன்றைக்கு எல்லாமே சிரிப்பாகத்தான் இருந்தது.

சிரிப்பு இரண்டு வாரத்தில் நின்றது. பக்கத்துத் தெருவில் ஒரு கவச ஜீப் தீப்பிடித்து, கதவு நசுங்கித் திறக்க முடியாமல், உள்ளே மூன்று பேர் வெந்தார்கள். லஃப்தா அந்த வழியாகத்தான் வண்டியை ஓட்டிக்கொண்டு திரும்பினான். சந்து வழியாகத்தான் பார்த்திருப்பான், ஆனாலும் பார்த்துவிட்டான். அன்றைக்கு ஊறுகாய் இருந்தும் சாப்பிடவில்லை.

"உஸ்தா, ஒண்ணு கேப்பேன். இல்லன்னு சொல்லாத."

"சொல்லு."

"தாழ்ப்பாளை உள்ள மாத்திக் குடு."

"உள்ள வச்சா ஓட்டை போடணும்யா. ஓட்டை போட்டா குண்டு வரும். மொத ஆளுக்கு என்ன ஆச்சுன்னு தெரியுமில்ல?"

"குண்டுன்னா ஒரு நிமிஷம். நெருப்புன்னா எவ்வளவு நேரம்னு எண்ணிப் பாத்தேன் இன்னிக்கு. நான் செத்தாப் பரவால்லய்யா. பூட்டி வச்சு சாகக் கூடாது. எம் பொண்டாட்டிகிட்ட என்னன்னு சொல்லுவாங்க? பூட்டிட்டு சாவியை மறந்துட்டோம்னா?"

நான் மழுப்பினேன். மேஜர் உத்தரவு என்றேன், கம்பி இல்லை என்றேன், வெள்ளிக்கிழமை பார்க்கலாம் என்றேன். ஓட்டை போட வேண்டும் என்று சொன்னதே பொய். உள்பக்கம் இரண்டு கொக்கி வைத்து ஒரு இரும்புப் பட்டையைக் குறுக்கே செருகினால் முடிந்தது, அரை மணி நேர வேலை. எனக்கு மேஜரிடம் பயம். வேறு காரணமே கிடையாது.

மூன்று நாள் அவன் தினம் காலையில் என்னைப் பார்த்துக்கொண்டே உள்ளே ஏறினான். திட்டியிருந்தால்கூடத் தேவலாம். நாலாம் நாள் ஓயாத மழை, தெருவெல்லாம் சேறு, தாக்குதல் நிறுத்தம். வண்டியை ஓட்டிக்கொண்டு என் பட்டறைக்கு வந்தான். அடப் போ, வருவது வரட்டும் என்று உள்ளே பட்டை வைத்துக் கொடுத்தேன். வெளித் தாழ்ப்பாளைக் கழற்றவில்லை, அதன் நுனியை மட்டும் அறுத்துவிட்டேன். போட்டால் போட்ட மாதிரி தெரியும், பிடிக்காது. ரைசானுக்கு மட்டும் சொன்னோம்.

"நான் பாக்கல, எனக்குத் தெரியாது. ஆனா இப்ப மட்டும் அவன் என்னை விட்டுட்டு ஓடினான்னா, திவானிய்யாவுக்கே போயி அவன் மீசையைச் செரச்சுட்டு வருவேன்" என்றான் ரைசான்.

"உனக்கு மொதல்ல தாடி மொளைக்கட்டும், அப்புறம் அடுத்தவன் மீசைக்கு வா" என்றான் லஃப்தா. பட்டையை இழுத்தான், தள்ளினான், மறுபடி இழுத்தான். என் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தான். அவ்வளவு சந்தோஷமாக அவனை அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்க்கவில்லை.

ஐந்து நாள் கழித்து நடந்தது இது. ரைசான் குழுவுக்கு அன்றைக்கு ஒரு பள்ளிவாசலுக்கும் மாவு மில்லுக்கும் நடுவில் இருந்த தெரு. கரை முக்கால்வாசி எழுந்துவிட்டது. இடது ஓரத்தில் ஒரு வண்டி நுழைகிற அளவுக்கு இடைவெளி பாக்கி. "இன்னும் ஒரே ஒரு தள்ளு, இடது பக்கம்" என்று ரைசான் சொன்னது வயர்லெஸ்ஸில் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. அந்தச் சமயத்தில் தெருமுனையில் ஒரு லாரி திரும்பியது. முன்னால் முழுக்க இரும்பு அடித்த லாரி. வழக்கமாக லஃப்தாவுக்கு எதுவும் தெரியாது. அன்றைக்குப் பார்த்து வண்டி வாட்டமாக நின்றது, சந்துக்கு நேராக லாரி தெரிந்தது.

பட்டையை இழுத்துவிட்டு இறங்கி ஓடினான்.

பக்கத்து வீட்டுக் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே விழுந்தான். லாரி அந்த இடைவெளி வழியாக நுழைந்து, கரைக்குப் பின்னால் நின்றிருந்த இரண்டு ஜீப்புகளுக்கு நடுவில் போய் வெடித்தது. ரைசானும் இன்னும் ஐந்து பேரும் போனார்கள். அறுவரில் ஒருவன்கூட எட்டு வருஷத்துக்குக் குறைந்து பழகியவன் இல்லை. லஃப்தாவுக்கு ஒரு காது அடைத்துப்போனது, கையில் சிராய்ப்பு. வேறொன்றும் இல்லை.

புல்டோசருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இதைச் சொல்லத்தான் எனக்கு வாய் வரமாட்டேன் என்கிறது. என் தகடு தாங்கிவிட்டது. நாலு இடத்தில் பள்ளம், அவ்வளவுதான். அவன் உள்ளேயே உட்கார்ந்து அந்த ஒரு தள்ளைத் தள்ளியிருந்தால் லாரி கரையில் முட்டி அந்தப் பக்கமே வெடித்திருக்கும். அவனும் இருந்திருப்பான், அவர்களும் இருந்திருப்பார்கள்.

மறுநாள் மத்தியானம் மேஜர் வந்தார். வண்டிக்குள் ஏறி, பட்டையையும் கொக்கியையும் பார்த்தார். வெளியே வந்து அறுத்த தாழ்ப்பாளைப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன், சுட்டால்கூட ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன். அவர் ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்து டீ கேட்டார்.

"நூத்திப்பத்துப் பேரோட இந்த ஊருக்குள்ள நொழஞ்சேன் உஸ்தா. இன்னிக்குக் காலைல எண்ணினேன், நாப்பத்தேழு. பாக்தாத்ல ஆள் கேட்டா, ஆறு வாரம் பழக்கி அனுப்புறாங்க. வந்து எறங்குறான், கறுப்புச் சட்டை போட்டிருக்கான். சட்டை மட்டுந்தான் கறுப்பு. இருட்டுல பாக்குற கண்ணாடியைத் தலைகீழா மாட்றான்."

நான் டீயைக் கொடுத்தேன். வாங்கிக் கீழே வைத்துவிட்டார்.

"உன்னை உள்ள தள்ளினா எனக்கு யாரு வெல்டிங் வைப்பா? அவனைத் தள்ளினா யாரு ஓட்டுவா? ஏழு டிரைவர்ல ரெண்டு பேருதான் பாக்கி. திட்டக்கூட எனக்குத் தெம்பில்ல. நாளைக்குக் காலைல வண்டி வேணும்."

"தாழ்ப்பா ஐயா..." என்றேன்.

"நாளைக்குக் காலைல வண்டி வேணும்" என்று மறுபடி அதையே சொல்லிவிட்டு எழுந்து போனார். டீ அப்படியே இருந்தது.

அப்பாடா, தாழ்ப்பாளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, பட்டை உள்ளேயே இருக்கட்டும் என்று நான் நினைத்துக்கொண்டேன். அரை மணியில் லஃப்தா வந்தான். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. ஒரு காது கேட்காததால் சத்தமாகப் பேசினான்.

"உஸ்தா, பட்டையை எடுத்துடு. தாழ்ப்பாளை வெளிய போடு."

"போய்யா பைத்தியக்காரா. மேஜரே ஒண்ணும் சொல்லல."

"மேஜரைப் பத்தி யாரு பேசினா? நான் சொல்றேன், வெளிய போடு."

"அன்னிக்குக் கெஞ்சினவன் நீதானேய்யா. பூட்டி வச்சு சாகக் கூடாதுன்னு சொன்னவன் யாரு? எங்கப்பனா?"

"நான் எறங்கணும்னு நெனைக்கல உஸ்தா." அவன் தன் வலது கையைத் தூக்கி என் முன்னால் நீட்டினான். "லாரியைப் பாத்தேன். ரைசான் காதுக்குள்ள தள்ளு தள்ளுங்கறான். தள்ளணும்னுதான் நெனச்சேன், சத்தியமா. இந்தக் கை பட்டையை இழுத்துருச்சு. நான் ஓடுறது எனக்கே பாதி வழிலதான் தெரிஞ்சுது. நாளைக்கும் பட்டை இருந்தா நாளைக்கும் இழுக்கும்."

"நாளைக்கு வண்டி ஏறாத. காது கேக்கலன்னு சொல்லு. நான் டாக்டர்கிட்ட பேசுறேன். வீட்டுக்குப் போ."

"போயி? அந்த இன்னொரு டிரைவர் ஒருத்தனை வச்சு நாலு தெருவுக்கும் கரை போடுவாங்களா? கரை இல்லாமத்தான் போவானுங்க இவனுங்க. போறவனுங்கதானே. ரைசான் பையன்கள்ல பாக்கி இருக்கறவன் ஒருத்தனும் இன்னிக்கு என்னைத் திட்டல தெரியுமா? எனக்கு ரொட்டி கொண்டாந்து குடுத்தான் ஒருத்தன். பக்கத்துல உக்காந்து சாப்பிடச் சொன்னான். திட்டியிருந்தா ஓடிப் போயிருப்பேன்."

நான் முடியாது என்றேன். கத்தினேன், கெட்ட வார்த்தையில் திட்டினேன், வெல்டிங் கம்பியைத் தூக்கி அவன் காலடியில் எறிந்தேன். அவன் அதைக் குனிந்து எடுத்து என் கையில் கொடுத்தான். சாயங்காலத்துக்குள் வேலை முடிந்தது. பட்டையை அறுத்தேன், கொக்கிகளை அறுத்தேன், வெளித் தாழ்ப்பாளுக்குப் புது நுனி வைத்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு உறுதியாக நான் எதையும் பற்றவைத்ததில்லை. அவன் பக்கத்தில் நின்று கையால் ஆட்டிப் பார்த்தான்.

ரைசான் இடத்துக்கு வந்த புதுப் பையனுக்கு வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது, வயர்லெஸ்ஸில் இடதையும் வலதையும் மாற்றிச் சொன்னான். அதனால் காலையில் தாழ்ப்பாள் போடுவதும் சாயங்காலம் திறப்பதும் என் வேலையானது. பட்டறையை விட்டுவிட்டு அவர்களோடு நானும் முன்னால் போக ஆரம்பித்தேன். அவன் ஏறுவான், உட்காருவான், "ம்" என்பான். நான் தள்ளுவேன். எட்டு நாள் போட்டேன், எட்டு நாளும் திறந்தேன். எட்டு நாளில் இருபத்திரண்டு தெருவுக்குக் கரை விழுந்தது. அதில் இரண்டு தெருவில் கார் வந்து கரையில் முட்டி வெடித்தது, எங்கள் ஆட்களில் ஒருவனுக்குக்கூட ஒன்றும் ஆகவில்லை. ஒரு தடவை சாயங்காலம் கதவைத் திறந்தபோது, "பாத்தியா, எறங்கல" என்றான், என்னவோ பரீட்சையில் தேறிய மாதிரி. நகமெல்லாம் பிய்ந்திருந்தது. கதவை அவனே உள்ளேயிருந்து பிறாண்டியிருக்கிறான். தகட்டில் ரத்தம் இருந்தது. நான் துடைத்தேன்.

ஒன்பதாம் நாள் காலை பத்து மணி இருக்கும். இந்தத் தடவை கார் வரவில்லை, மாடியிலிருந்து ராக்கெட் வந்தது. எஞ்சினில் பட்டது. புகை வந்தது, அப்புறம் தீ. வண்டி நின்றுவிடும் என்று நினைத்தோம். அது நிற்கவில்லை, எரிந்துகொண்டே நகர்ந்தது, பிளேடு கீழே இறங்கியது, கடைசி மண்ணைத் தள்ளி இடைவெளியை மூடிவிட்டுத்தான் நின்றது. வயர்லெஸ்ஸில் அவன் குரல் வந்தது.

"உஸ்தா, தொற."

எனக்கும் வண்டிக்கும் நடுவில் அறுபது அடி. தெருவில் குண்டு விழுந்துகொண்டிருந்தது. நான் சுவருக்குப் பின்னால் நின்றேன்.

"உஸ்தா, முடிச்சுட்டேன். தொற."

யாரும் என்னைப் பிடித்து நிறுத்தவில்லை. பிடித்து நிறுத்தினார்கள் என்று அப்புறம் சிலர் சொன்னார்கள், என் மேல் இரக்கப்பட்டுச் சொன்னது. நான் போகவில்லை. போக வேண்டும் என்றுதான் நினைத்தேன். கால் வரவில்லை. அந்தப் புதுப் பையன், இடது வலது தெரியாதவன், அவன்தான் ஓடினான். பாதி வழியில் விழுந்தான். அவனை இழுத்துவர இன்னும் இரண்டு பேர் போனார்கள். வயர்லெஸ்ஸில் லஃப்தா அதற்கப்புறம் என்னைக் கூப்பிடவில்லை, தன் பெண் குழந்தைகளின் பெயர்களைத்தான் சொன்னான். ருகையா, ஸஹ்ரா, கடைசிக் குட்டி பனீன். வரிசையாக, திரும்பத் திரும்ப. பிறகு நின்றது.

மேஜர் குரல் வந்தது. "கரை விழுந்துச்சா?"

"விழுந்துச்சு ஐயா" என்றான் ஒருவன்.

"முன்னேறுங்க."

முன்னேறினார்கள். வேறென்ன செய்வார்கள்?

திவானிய்யாவில் அவன் தெரு முழுக்கக் கறுப்புத் துணி கட்டியிருந்தார்கள். பந்தல் வாசலில் ஆள் உயரத்துக்கு அவன் படம், கறுப்பு உடையில், கையில் துப்பாக்கியோடு. அவன் தலையை வேறு எவனுடைய உடம்பிலோ ஒட்டியிருந்தார்கள். கீழே பெரிய எழுத்தில், 'எரியும் வண்டியிலிருந்து இறங்க மறுத்த வீரன்' என்று எழுதியிருந்தது. எங்கள் படையிலிருந்து வந்த அதிகாரி ஒலிபெருக்கியில் அதையே சொன்னார். கதவைத் திறந்துகொண்டு குதித்திருக்கலாம், குதிக்கவில்லை, தோழர்களுக்காக உள்ளேயே உட்கார்ந்தார் என்றார். கிழவர்கள் அழுதார்கள். அவனுடைய தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கண்ணன் இவ்வளவு பெரிய மனுஷன்னு எங்களுக்கே தெரியாதுண்ணே" என்றான். நான் கசப்புக் காப்பியை வாங்கிக் குடித்தேன்.

கிளம்பும் நேரத்தில் அவன் மனைவி உம் ருகையா என்னைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினாள். பெண்கள் பகுதித் திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். திரைக்கு அடியில் குழந்தைகளின் ஆறு செருப்பு தெரிந்தது.

"அண்ணே, நீங்க கூடவே இருந்தீங்களாமே."

"ஆமாம்மா."

"எல்லாரும் சொல்றாங்க, எறங்கியிருக்கலாம், எறங்கலன்னு. எனக்கு யாரு சொல்றதும் வேணாம். நீங்க சொல்லுங்க. அப்பாஸ் மேல ஆணையாச் சொல்லுங்க. அவரால எறங்க முடிஞ்சிருக்குமா?"

எங்கள் பக்கத்தில் கடவுள் பெயரில்கூடப் பொய்ச் சத்தியம் செய்கிறவன் உண்டு. போரில் இரண்டு கையும் வெட்டுண்டு உயிர்விட்ட எங்கள் புனிதர் அப்பாஸ் பெயரில் எவனும் செய்யமாட்டான், கை விழுந்துவிடும் என்ற பயம். உண்மையைச் சொன்னால் நான்தான் பூட்டினேன் என்று சொல்ல வேண்டும், அவனே பூட்டச் சொன்னான் என்று சொல்ல வேண்டும், கூப்பிட்டான், நான் போகவில்லை என்று சொல்ல வேண்டும். அதைவிட இந்தப் படத்தில் இருக்கிற வீரன் அவளுக்கு ஆறுதலாக இருப்பான் என்று நினைத்தேன்.

"அப்பாஸ் மேல ஆணையா, முடிஞ்சிருக்கும்மா" என்றேன்.

திரைக்கு அந்தப் பக்கம் ஒரு குழந்தை இருமியது.

"அப்ப, எங்க நெனப்பே வரல அவருக்கு" என்றாள்.